மதிலுக்கு வந்த மசக்கை

ஒரு மதிலுக்கு மசக்கை வந்தால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?

கொத்தனாரைக் கூப்பிடுவோம் என்பீர்கள். எங்கள் ஊர் ஆண்களும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் அப்போது என் இடுப்பில் நாலு மாதக் கைப்பிள்ளை. அவனுக்காக நான் எடுத்த வாந்தியெல்லாம் இன்னும் தொண்டையில் ஞாபகமாக இருந்தது. அதனால் தை பிறந்த மூன்றாம் நாள் காலையில், பின்வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டுக்குப் பின்சுவராகவே நிற்கிற கோட்டை மதில் தன் கல் இடுக்கிலிருந்து வெள்ளை வெள்ளையாய்ச் சுண்ணாம்புத் தண்ணீரைக் கக்கி, கொஞ்சம் மூச்சு வாங்கி, இன்னொரு தரம் குமட்டிக் கக்கி, அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. மரத்தடியில் கிடந்த புளியங்காயை நசுக்கி, உப்புத் தொட்டு, இடுக்கில் வைத்தேன். குக்கரைத் துலக்கி முடிப்பதற்குள் காயைக் காணோம். கோது மட்டும் கீழே துப்பிக் கிடந்தது.

உள்ளே போய் மாமியாரிடம் சொன்னேன்.

"அத்தை, மதிலு முழுகாம இருக்கு."

அத்தை சீனியம்மாள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நிற்கவில்லை.

"எத்தனை மாசமாம்?"

"வாந்தியப் பாத்தா ரெண்டு இருக்கும்."

"இந்த வயசுலயா?" என்றார் அத்தை. "ஊரு சிரிக்கப்போவுது."

வயசைப் பற்றி அத்தை சொன்னது சரிதான். எங்கள் ஊர் ஆனைமறிச்சானின் மதிலுக்கு நானூறு வயசுக்கு ஒன்றிரண்டு கூடவோ குறையவோ இருக்கும். செங்கணான் என்கிற பாளையக்காரர் கட்டியது. ஏழு கொத்தளம், ஒரே ஒரு வாசல். சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, கருப்பட்டிப் பாகு ஊற்றி, காளை பூட்டி அரைத்து அரைத்து, வெண்ணெய் மாதிரி வந்த பிறகுதான் கல்லை எடுத்து வைத்தார்களாம். அதனால் எங்கள் மதிலுக்குச் சுபாவமே இனிப்பு. இன்றைக்கும் மழை பெய்த மறுநாள் நாக்கால் தொட்டால் லேசாகத் தித்திக்கும். தொட்டுப் பார்க்காத பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது.

முதல் படை யானையோடு வந்தது. பன்னிரண்டு யானை. முட்டுவதற்காக ஓடிவந்த யானைகள் மதிலில் நெற்றியை வைத்ததும் கருப்பட்டி வாசம் பிடித்து, துதிக்கையை நீட்டித் தடவி, அப்புறம் நக்க ஆரம்பித்து, பாகன் குத்தியும் நகராமல், ராஜா கத்தியும் நகராமல், மூன்று நாள் நக்கிக்கொண்டே நின்றன. நாலாம் நாள் படை நடந்தே ஊர் திரும்பியது. அப்படித்தான் ஊருக்கு இந்தப் பேர். இரண்டாவது படை ஏணியோடு வந்தது. ஏணியைச் சாத்தும்போதெல்லாம் மதில் மூச்சை இழுத்து ஒரு முழம் உயர்ந்துகொண்டது. இன்னும் நீளமான ஏணி செய்துகொண்டு வருகிறோம் என்று போனவர்கள் இன்னும் வரவில்லை.

மூன்றாவது படைதான் பீரங்கியோடு வந்தது. மேற்குப் பக்கம் ஒரு மாட்டுவண்டி நுழைகிற அளவுக்கு உடைத்துவிட்டது. உள்ளே அடைக்கக் கல் இல்லை. அம்மி, ஆட்டுரல், கோவில் படி, எல்லாம் போட்டாயிற்று. ஆண்கள் ஈட்டியோடு அந்த ஓட்டையில் நின்று நின்று சாய்ந்தார்கள். எங்கள் ஊரில் உள்ளூருக்குள் பெண் எடுக்கிற வழக்கம் இல்லை; ஒவ்வொரு மருமகளும் ஒவ்வொரு ஊர்க்காரி. அவர்கள் கூடிப் பேசி, எந்தப் படையும் தடுக்காத ஒரே மனிதரான வளையல்காரரிடம் தங்கள் பிறந்த வீடுகளுக்குச் சேதி சொல்லி அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் எதிரிப் பாளையத்தின் நடுவே, மேளத்தோடு, முப்பத்தெட்டு ஊர்ப் பெண்கள் தலையில் பட்டுத்துணி மூடிய சீர்த்தட்டு வைத்து வரிசையாக வந்தார்கள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு கல்.

"என்ன விசேசம்?" என்று கேட்டான் எதிரித் தளபதி.

"எங்க ஊரு மூத்தவளுக்கு வளைகாப்பு" என்றார்கள்.

"எத்தனையாவது மாசம்?"

"ஒம்பது."

அவனுக்கும் வீட்டில் ஒருத்தி அந்த நிலையில் இருந்தாளோ என்னவோ, வழி விட்டதோடு, தன் பங்குக்கு ஒரு தேங்காயும் கொடுத்து அனுப்பினான். தூரக்கண்ணாடி வைத்து அவன் பார்த்துக்கொண்டே இருந்ததால் பெண்கள் சடங்கை முறையாகவே செய்தார்கள். கர்ப்பிணி என்று காட்ட யாரும் இல்லை. ஆகவே மதிலுக்கே சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, முளையடித்து முளையில் கண்ணாடி வளையல் அடுக்கி, ஏழு வகைச் சோறு படைத்து, குலவையிட்டு, அந்தக் குலவைச் சத்தத்திலேயே கல்லைக் கல்லோடு சேர்த்து ஓட்டையை அடைத்தார்கள். மறுநாள் காலையில் மதில் முழுசாய் நிற்பதைப் பார்த்த தளபதி, தேங்காய் கொடுத்த கையைத் தானே பார்த்துக்கொண்டு கிளம்பினான்.

அந்த அடைப்புக்குப் பேர் மருமகள் ஒட்டு. சிவப்பும் கறுப்பும் சாம்பலுமாய், ஊருக்கு ஒரு நிறமாய், இன்றைக்கும் தனியாகத் தெரியும். மழைக்கு வருசம் இரண்டு கல் உதிரும். உதிர்ந்த இடத்தில், அந்த வருசம் வந்த மருமகள் தன் பிறந்த ஊர்க் கல்லைக் கொண்டுவந்து செருகவேண்டும். தாலி கட்டியதற்கு அடுத்த சடங்கு அதுதான். கல் வைக்காதவள் உலை வைக்கக்கூடாது.

இங்கேதான் நான் ஒரு விசயம் சொல்லவேண்டும்.

என் பிறந்த ஊர் நெடுங்கரிசல். பேரே சொல்லிவிடும். மூன்று ஆள் ஆழம் தோண்டினாலும் கறுப்பு மண்தான். நாயை விரட்டக்கூட எங்கள் ஊரில் கல் கிடைக்காது. மண்ணாங்கட்டியை எடுத்துத்தான் எறிவோம், நாயும் அதற்குத் தகுந்தமாதிரிதான் ஓடும். கல்யாணத்தன்று வேன் பாதி வழி வந்த பிறகுதான் என் அப்பா அய்யாத்துரைக்குக் கல் ஞாபகம் வந்தது. "வண்டிய ஓரங்கட்டுப்பா, ஒண்ணுக்குப் போகணும்" என்று இறங்கினார். திரும்பி வந்தபோது துண்டில் ஏதோ கனத்தது. அதைத் துடைத்து என் மடியில் வைத்து, "யாரு கேட்டாலும் நம்ம ஊருக் கல்லுன்னு சொல்லிரு தாயி" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் வேறு ஒன்றும் சொல்லத் தோன்றாது.

ரோஜா நிறக் கல். நடுவில் வெள்ளை நூல் ஓடின மாதிரி ஒரு கோடு. நான் அதை ஒட்டில் வைத்தபோதே பக்கத்து வீட்டு இசக்கியம்மா மதினி கேட்டாள், "ஏளா முத்துப்பேச்சி, கரிசக்காட்டுல கல்லு முளைக்குதாக்கும்?"

"தோண்டுனா வரும் மதினி" என்றேன்.

அன்றைக்குச் சொன்ன பொய். அத்தைக்கோ அந்தக் கல் மேல் அவ்வளவு பெருமை. வீட்டுக்கு யார் வந்தாலும் பின்வாசலுக்குக் கூட்டிப்போய், "எம் மருமக கொண்டாந்தது. நிறத்தப் பாத்தீகளா!" என்பார். அஞ்சு வருசமாக ஒவ்வொரு தடவையும் எனக்குக் காது மடல் சுடும்.

சரி, மசக்கைக்கு வருகிறேன்.

ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துபோயிற்று. யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. முழுகாமல் இருக்கிறவளைச் சுற்றி இருக்கிற வேலை ஒன்றா இரண்டா, ஆச்சரியப்பட நேரம் ஏது. மதிலில் வரட்டி தட்டுவதை நிறுத்தினார்கள். பந்து அடித்து விளையாடிய பிள்ளைகளை விரட்டினார்கள். கட்சிக்காரர்கள் போஸ்டர் ஒட்ட வந்தபோது டீக்கடையில் இருந்த ஆண்கள் எழுந்து போய், "வயித்துப் பிள்ளைக்காரி, பசை வாசம் ஆகாது" என்று திருப்பி அனுப்பினார்கள். முறை போட்டுக்கொண்டு ஒரு வீடு கருப்பட்டித் தண்ணீர், ஒரு வீடு கடுக்காய்க் கசாயம் என்று கொண்டுவந்தோம். ஓய்வு பெற்ற ரோஸ்மேரி நர்ஸம்மா மாதம் ஒருமுறை குழல் வைத்துக் கேட்பார்.

"துடிப்பு நல்லா இருக்கு. ரத்தந்தான் கம்மி. செங்கல்லுப்பொடி கரைச்சுக் குடுங்க."

"ஆம்பளப் பிள்ளையாம்மா, பொம்பளப் பிள்ளையா?" என்பாள் இசக்கியம்மா மதினி.

"அதச் சொல்லக்கூடாது. சட்டம்."

ஏழாம் மாதம் வயிறு நன்றாகத் தெரிந்தது. மருமகள் ஒட்டு இருக்கிற இடம்தான் வயிறு. ஒன்பதாம் மாதம் எங்கள் அடுப்படிக் கூரைக்கு மேலே குடை பிடித்த மாதிரி வந்து நின்றது. வெயில் நேரத்தில் நல்ல நிழல். என் பிள்ளை துரைப்பாண்டிக்கு அதற்கு அடியில்தான் தொட்டில் கட்டியிருந்தேன். உள்ளேயிருந்து ஏதோ உதைக்கும், இவன் தொட்டிலிலிருந்து திரும்ப உதைப்பான், இரண்டும் நாள் பூரா இதே வேலை.

பத்தாம் மாதக் கடைசியில் மாவட்டத்திலிருந்து பொறியாளர் ஞானதுரை வந்தார். நல்ல மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பின்வாசலுக்கு வந்தார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். நூலுக்கும் மதிலின் அடிக்கும் நடுவே என் வீட்டுக்காரர் கனிராஜ் கையை விரித்துப் படுக்கலாம் போல இடைவெளி.

"சார், அது மாசமா இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

"இருக்கட்டும் கனிராஜ். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா ஐப்பசி மழை எறங்குனா என்ன ஆகும்னு எனக்குத்தான் தெரியும்." என் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்க பிள்ளை இதுக்கு அடியிலதான் தூங்குது."

பதினைந்து நாள் கொடுத்தார். அதற்குள் நிலைமை மாறாவிட்டால் வயிற்றுப் பகுதியை இறக்கவேண்டும். அது இறங்கும்போது கீழே இருக்கிற எங்கள் வீடும் போகும். ஒரே வீடு. வேறு கிடையாது. வீடு போனால்கூட எங்கேயாவது ஒண்டிக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தியை உடைக்கிறதை எந்தக் கண்ணால் பார்ப்பது? தொட்டிலை அன்றைக்கே முன்வாசலுக்கு மாற்றிக் கட்டினேன். துரைப்பாண்டி உதைத்துப் பார்த்தான், பதில் உதை வரவில்லை, ஒரே அழுகை.

பத்து மாதம் முடிந்தது. பதினொன்று பிறந்தது. வலி வரவில்லை.

ரோஸ்மேரி நர்ஸம்மா குழலை எடுத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பிள்ளை தயாரா இருக்கு. தாயிதான் தயங்குதா. என்னத்துக்கோ காத்திருக்கா."

அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட பாவிகளா! வளைகாப்புப் போட்டாகளே, தாய்வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாகளா?"

ஆமாம். ஜெயித்த சந்தோசத்தில், பீரங்கி போன நிம்மதியில், எங்கள் ஊர்க்காரர்கள் அதை மறந்தே போய்விட்டார்கள். வளையல் போட்டு, சோறு படைத்து, குலவையிட்டு, தாய்வீட்டுக்கு அனுப்பாமல் விட்டால் எவள்தான் பெறுவாள்? தலைப்பிரசவம் வேறு.

"தாய்வீடு எது?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"கல்லு வெட்டுன மலைதான்" என்றார் அத்தை.

"எந்த மலை?"

அது யாருக்கும் தெரியவில்லை. கோட்டை வாசலில் கல்வெட்டு இருக்கிறது. பதினோரு வரி. பதினோரு வரியும் செங்கணானின் பட்டப்பேர். கல் எங்கே வெட்டினார்கள் என்று அரை வரி இல்லை. ஆண்கள் ஆளுக்கொரு மலை சொன்னார்கள். என் வீட்டுக்காரர் டிராக்டரை எடுத்துக்கொண்டு வடக்கு மலையிலிருந்து ஒரு கல், தெற்கு மலையிலிருந்து ஒரு கல், ஆற்றங்கரைக் குன்றிலிருந்து ஒரு கல் என்று கொண்டுவந்து, வெற்றிலை பாக்கு வைத்து, மதிலுக்கு முன்னால் இறக்கினார். மதில் மூன்றையும் யாரோ தெரியாத ஆள் வீட்டுக்குள் வந்தமாதிரி பார்த்தது. பதினோரு நாள் போயிற்று. மீதி நாலு.

பன்னிரண்டாம் நாள் காலை பாத்திரம் துலக்கிக்கொண்டே நிமிர்ந்தேன். வயிறு இழுத்த இழுப்பில், ஒட்டைச் சுற்றி இருந்த பழைய காரை முழுக்க உதிர்ந்து, நானூறு வருசமாக உள்ளே இருந்த சொந்தக் கல்லெல்லாம் முதல்தடவையாக வெளியே தெரிந்தது. ஒவ்வொன்றும் ரோஜா நிறம். ஒவ்வொன்றின் நடுவிலும் வெள்ளை நூல்.

கை சோப்போடு அப்படியே நின்றுவிட்டது. அப்பா வழியில் பொறுக்கினாரே, அந்தக் கல்தான். அந்த மலைதான்.

சொன்னால் மதிலும் பிழைக்கும், வீடும் பிழைக்கும். ஆனால் அஞ்சு வருசப் பொய்யும் வெளியே வரும். அப்பா இந்த ஊருக்குள் எந்த முகத்தோடு வருவார்? அத்தை யார் யாரைக் கூட்டிவந்து காட்டியிருப்பார்! பொய்க் கல் வைத்தவள் உலை வைக்கலாமா என்று இசக்கியம்மா மதினி கேட்டால் என்ன சொல்வது? நான் இதையெல்லாம் ஒழுங்காக யோசித்திருப்பேன். ஆனால் துரைப்பாண்டி பசிக்கு அழுதான். கைப்பிள்ளைக்காரிக்கு யோசிக்க ரொம்ப நேரம் கிடைக்காது. அவனைத் தூக்கிப் பால் கொடுத்து, முதுகைத் தட்டி ஏப்பம் விடவைத்து, அவன் ஏப்பம் விட்டதும் கோட்டை வாசலுக்குப் போய்விட்டேன். அங்கே ஊரே கூடி நாலாவது மலை எது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

"எங் கல்லு எங்க ஊருக் கல்லு இல்ல" என்றேன். "வார வழியில எங்கப்பா ரோட்டோரத்துல பொறுக்குனது. மதிலோட கல்லும் அதுவும் ஒண்ணா இருக்கு. வந்து பாருங்க."

ஒரு காக்கை கத்தியது.

"நான் அன்னைக்கே கேட்டேன்லா!" என்றாள் இசக்கியம்மா மதினி. "கல்லு முளைக்குதான்னு கேட்டேன்லா!"

நான் அத்தையைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தேன். அத்தை தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

"எங் கல்லு பஸ் ஸ்டாண்டுல எடுத்தது" என்றார் அத்தை.

எல்லோரும் திரும்பினோம்.

"என்ன பாக்கிய? மறந்துட்டு வந்துட்டோம். எங்கம்மா அழுதா. எங்கண்ணன் பஸ் ஸ்டாண்டுல டயருக்கு முட்டுக்குடுத்த கல்ல எடுத்து நீட்டினான். பஸ்ஸு லேசா நகந்துகூடப் போச்சு. முப்பத்தோரு வருசம் ஆச்சு."

அப்புறம் ரோஸ்மேரி நர்ஸம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "என்னது கல்லறைத் தோட்டத்து மூலையில கெடந்தது. யாரு மேலயும் வச்ச கல்லு இல்ல, நல்லாப் பாத்துட்டுத்தான் எடுத்தேன்" என்றார். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல், "என்னது பக்கத்து வீட்டு துவைக்கிற கல்லு. அவுக இன்னும் தேடுதாக" என்றது. ஒருத்தியுடையது அம்மியை உடைத்த பாதியாம். ஒருத்தி சாமியாடி வீட்டு வாசலில் எலுமிச்சம்பழத்துக்கு அடியில் இருந்ததை எடுத்தாளாம், பழத்தை மட்டும் மரியாதையாகக் கீழே வைத்துவிட்டாளாம். கடைசியில் எல்லோரும் இசக்கியம்மா மதினியைப் பார்த்தோம்.

"என்ன? என்னத்த என்னையப் பாக்கிய?"

"சொல்லு மதினி."

"ரயில் தண்டவாளத்துல எடுத்தேன்" என்றாள் மதினி. "ரயிலு வரல. பாத்துட்டுத்தான் எடுத்தேன்."

ஒருத்தி சிரித்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. சிரிப்பு வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, டீக்கடையில் டீ சிந்தி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து சிரித்து, எங்கள் வீட்டுப் பின்வாசல் வரைக்கும் போயிற்று. அங்கே மதிலும் குலுங்கிச் சிரித்தது. அது வயிறு குலுங்கச் சிரித்ததில்தான் முதல் வலி வந்தது.

உடனே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, கல்யாணத்தன்னைக்கு அந்தக் கல்ல எங்க எடுத்தீக?"

"கண்டுபிடிச்சுட்டாகளா தாயி?"

"கண்டுபிடிச்சுட்டாகப்பா. கையெடுத்துக் கும்பிடுதாக. எடத்தச் சொல்லுங்க."

"குருவிப்பாறைக்குக் கீழ. ரெட்டைப் பனை நிக்கும். நான் அந்த எடது பனைக்குப் பக்கத்துல…"

"எதுக்குப் பக்கத்துலன்னு விவரம் வேண்டாம்ப்பா."

என் வீட்டுக்காரர் டிராக்டரை எடுத்தார். நாங்கள் பதினோரு பெண்கள் டிரெயிலரில் ஏறினோம். குருவிப்பாறை அடிவாரத்தில், முள்ளுச்செடியை விலக்கினால், பாறையில் வரிசை வரிசையாக உளி அடித்த தடம். பெற்ற வயிற்றில் விழுகிற கோடு மாதிரி. அத்தை தாம்பூலத்தட்டை நீட்டினார். "சம்பந்தியம்மா, உங்க மக நெறமாசமா இருக்கா. மொறைப்படி நீங்க வந்து கூட்டிட்டுப் போகணும். நாங்க சொல்லி அனுப்பாதது எங்க தப்பு, மனசுல வைக்காதீக. அவளால எந்திரிச்சு வர முடியாது. நீங்கதான் வரணும்."

ஒரு கறவை மாட்டுப் பருமனில் இருந்த பாறை ஒன்று, முதுகு வலிக்கிறவர்கள் எழுகிற மாதிரி மெல்ல எழுந்து, உருண்டு, டிரெயிலரில் ஏறியது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. "அம்மா, கொஞ்சம் நடுவுல உக்காருங்க. வழியில மூணு ஸ்பீடு பிரேக்கர் இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். பாறை நடுவில் நகர்ந்து உட்கார்ந்தது. அத்தை அதற்கு மஞ்சள் பூசி, கனகாம்பரம் வைத்துவிட்டார். வழியெல்லாம் இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டே வந்தமாதிரிதான் எனக்குப் பட்டது. அத்தை மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

ஆண்களை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, பின்வாசலைச் சுற்றிச் சேலை கட்டி மறைத்தோம். பாறையை மதிலுக்குப் பக்கத்தில் இறக்கினதுதான் தாமதம், மதில் அதன் மேல் சாய்ந்துகொண்டது. ரோஸ்மேரி நர்ஸம்மா சேலையை இழுத்துச் செருகினார். "முக்கு தாயி. இன்னும் ஒருக்கா. அவ்வளவுதான்." கல்லோடு கல் உரசுகிற சத்தம், சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு குடம், அப்புறம் சாயங்கால பஸ் ஹாரன் அடித்த அதே நேரத்தில், முழங்கால் உயரம், இரண்டு கையையும் விரித்த நீளம், ஈரமாய், இளஞ்சூடாய், கருப்பட்டி வாசத்தோடு ஒரு குட்டி மதில் வந்து என் மடியில் விழுந்தது. இரண்டு துப்பாக்கித் துவாரம் இருந்தது. இரண்டு வழியாகவும் என்னைப் பார்த்தது.

"பொம்பளப் பிள்ள" என்றார் நர்ஸம்மா. எப்படிக் கண்டுபிடித்தார் என்று யாரும் கேட்கவில்லை. குலவை போட்டோம்.

மூன்றாம் நாள் ஞானதுரை சார் வந்தார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். நூல் மதிலோடு ஒட்டி நின்றது. நடுவில் ஒரு வெற்றிலைகூட நுழையாது. உத்தரவை நாலாக மடித்துப் பையில் வைத்தார். குட்டி ஊர்ந்து வந்து, அவருக்கும் வெயிலுக்கும் நடுவே நிழலாக நின்றது. அவர் கொஞ்ச நேரம் அந்த முழங்கால் உயர நிழலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். அப்புறம் ரிப்போர்ட்டில், "தாயும் சேயும் நலம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எங்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டுத்தான் போனார்.

மதில் பிள்ளைக்கு எதிரி யாரும் இல்லை. ஆனாலும் ரத்தம் சும்மா இருக்குமா? காவல் காக்கவேண்டும் அதற்கு. காலையில் ஊர்ந்து போய் வேப்பங்கன்றைச் சுற்றி நிற்கும், ஆடு கடிக்காமல். குட்டி போட்ட நாயைச் சுற்றி நிற்கும். காற்று அடித்தால் டீக்கடை அடுப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கும். கடைக்காரர் அதற்குத் தினம் ஒரு கருப்பட்டிக் காப்பி கணக்கில்லாமல் ஊற்றுவார். பத்து மணி பஸ் வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டைத் தாண்டும் வரை பஸ்ஸுக்குக் குறுக்கே நிற்கும். டிரைவர் இறங்கி வந்து, "போதும்டீ தங்கம், நேரமாச்சு" என்று கெஞ்சவேண்டும். சம்பந்தியம்மா நாற்பது நாள் இருந்து, குட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, அத்தை கொடுத்த சேலையோடு டிராக்டரில் ஊர் திரும்பினார். துரைப்பாண்டி முதல் அடி எடுத்து வைத்தது அந்தக் குட்டி மதிலைப் பிடித்துக்கொண்டுதான். இவன் ஒரு அடி வைத்தால் அது ஒரு அடி நகரும். இவன் விழுந்தால் அது நின்றுவிடும். இவன் எழுந்து பிடித்தபிறகுதான் மறுபடி கிளம்பும்.

ஒரே ஒரு குறை. குட்டி பிறந்தபோது என் ரோஜாக் கல்லும் கூடவே வந்துவிட்டது. அதன் நெற்றியில் பொட்டு மாதிரி இருக்கிறது. அதனால் மருமகள் ஒட்டில், நான் கல் வைத்த இடத்தில் மட்டும், கை நுழைகிற மாதிரி ஒரு ஓட்டை. மற்ற பெண்கள் எல்லோரும் தீபாவளிக்குப் பிறந்த வீட்டுக்குப் போய், இந்தத் தடவை உண்மையான ஊர்க் கல்லையே கொண்டுவந்து, பழைய பஸ் ஸ்டாண்டையும் தண்டவாளத்தையும் எடுத்துவிட்டு வைத்தார்கள். அத்தையே அறுபது மைல் போய்வந்தார்.

"இவ என்னத்த வைப்பா?" என்றாள் இசக்கியம்மா மதினி. "கரிசக்காரியில்லா?"

"மண்ண வைப்பா" என்றார் அத்தை. "மண்ணு இல்லாம எந்தக் கல்லுளா நின்னுச்சு? மழைக்குக் கரைஞ்சா கரையட்டும். வருசா வருசம் அவுகப்பா கொண்டாந்து குடுப்பாரு. பேரனப் பாத்த மாதிரியும் ஆச்சு."

நான் அங்கேயே, ஓட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, அப்பாவுக்குப் போன் போட்டேன். காலில் குட்டி மதில் உரசிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு துரைப்பாண்டி நின்றான்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை வாரப்ப நம்ம காட்டு மண்ணுல ஒரு உருண்டை கொண்டாங்க. தேங்கா அளவு போதும். அம்மாவ உருட்டச் சொல்லுங்க. ஈரமா இருக்கையிலயே அவ கைய ஒருக்கா நல்லா அழுத்தி எடுக்கட்டும். ரெண்டு வெயிலு காயட்டும். அத்தை கேட்டாகன்னு சொல்லுங்க. அப்புறம், அப்பா, வழியில எங்கயும் வண்டிய நிறுத்தாதீக."